மத்தளம் நின்ற இடம்

மாரிமுத்துவின் சாவுச் செய்தி எனக்குச் சத்தமாகத்தான் வந்தது. இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவை பஜாரில் என் தையல் கடைக்கு முன்னால் பஸ் நிற்பதற்குள்ளேயே கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "லிங்கம் அண்ணே, ஒங்க தாதி மாரிமுத்து போயிட்டாருங்க. மலையில தேயிலை கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." பஜாரே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கடை நானா தராசைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். அந்தத் துக்கத்திலும் இந்தச் செய்தியை யாரும் என் காதோரம் வந்து மெதுவாகச் சொல்லவில்லை என்பதில் ஒரு திருப்தி இருந்தது. மெதுவாகச் சொல்லப்பட்ட ஒரு சொல் அந்த மனிதருக்கு என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அவரை அறிந்தவர்கள் வாசியுங்கள். அறியாதவர்களும் வாசிக்கலாம்.

தாதி என்பது அவருடைய பட்டப்பெயர். நான் பஜாருக்கு வந்து கடை போடுவதற்கு முன் அவருடன் ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவன். எங்கள் தோட்டத்தில் வருடம் ஒருமுறை பெரட்டுக்களத்தில் ராஜா கதை ஆடுவார்கள். காலையில் பேர் போட்டு வேலைக்கு அனுப்புகிற அதே களம்தான். இரவில் கூத்து வைக்கத் தோட்டத்தை நடத்தும் துரை அனுமதிக்காததால் ஞாயிற்றுக்கிழமைப் பகலில், பனிமூட்டம் இறங்குவதற்குள் ஆடி முடிப்போம். திருச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் பாட்டன்மார் கொண்டுவந்த கதை. ஒரு ராஜா, ஒரு ராணி, ராஜாவுக்கு உயிரான ஒரு தளபதி, ராணிக்கு ஒரு கிழட்டுத் தாதி. தளபதியின் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு தன் பேச்சுக்கு இல்லையே என்று ராணிக்குப் புகைச்சல். தாதி அந்தப் புகைச்சலை ஊதிப் பெரிதாக்குவாள். ராணி ராஜாவிடம் சொல்ல, ராஜா தளபதியை நாடு கடத்திவிடுவார். உண்மை தெரியும்போது தளபதி காட்டில் செத்துக் கிடப்பான்.

அந்தக் கூத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவர் ஒரு வேஷத்துக்குக் காப்புக் கட்டினால், உடம்பில் தெம்பு இருக்கும்வரை அந்த வேஷம் அவருக்குத்தான். கதை முடியும்வரை யாரும் களத்தை விட்டு இறங்கக் கூடாது. இன்னொன்று, தாதி ராணியின் காதில் ஓதும் இடத்துக்குப் பாட்டும் கிடையாது, வசனமும் கிடையாது. உதடு மட்டும் அசையும். அவ்வளவு நேரமும் மத்தளம் முழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கோள் வார்த்தை ஊர்க் காதில் விழக் கூடாது என்பார்கள். அந்த மத்தளத்தை அடித்தவன் நான்.

மாரிமுத்து ஆறடி உயரம், கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. சேலை கட்டி, முதுகை வளைத்து, அவர் களத்தில் நுழைந்தால் பிள்ளைகள் அழும். பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். இவ்வளவுக்கும் ஒரு சொல் பேசாத வேஷம். "ராஜா வேஷத்துக்கு ஒரு கிரீடம் இருந்தாப் போதும் லிங்கம். தாதி வேஷத்துக்கு ஆளப் பாக்கத் தெரியணும்" என்பார். தாதியை நான் ஒருமுறை பொய்க்காரி என்று திட்டியபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ எங்கய்யா பொய் சொன்னா? ராணி எதக் கேக்க ஆசப்பட்டாளோ அதத்தான சொன்னா" என்றார். பழைய கதைகளைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்கள் எல்லாரும் தாதியைச் சபித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ராணியை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ராஜா வேஷம் பெரிய கங்காணிக்கு. அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதிப் பெரிய ஆளாக்க எனக்கு விருப்பமில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கறுப்புக் கோட்டு, கையில் மாட்டிய குடை, தோளில் சால்வை. துரை பங்களாவுக்கு நினைத்த நேரத்தில் போய்வர எங்களில் அவருக்கு மட்டுமே முடியும். அவர் கிரீடம் வைத்து வசனம் பேசும்போது சனம் வெற்றிலை போடும். தாதி வரும்போது எழுந்து நிற்கும். அதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு தோட்டத்தையே ஆட்டிப் படைத்தவருக்கு, சேலை கட்டிய ஒரு கவ்வாத்துக்காரன் மேல் வயிற்றெரிச்சல்.

மாரிமுத்துவுக்கு ஒரே தங்கச்சி, பாக்கியம். தாய் தகப்பன் இல்லாமல் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. "எங்கண்ணன் ஆடுனா மலையே பாக்கும்" என்று கொழுந்து எடுக்கும்போதெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள். அவள் புருஷன் காளியப்பனுக்கு அது பிடிக்காது. நல்லவன்தான், ஆனால் தன் வீட்டிலேயே தனக்கு இரண்டாவது இடம் என்று மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தான். மாரிமுத்துவுக்கு அது தெரியவில்லை. ஆளைப் பார்க்கத் தெரிந்த மனிதர் தன் மச்சானைப் பார்க்கத் தவறிவிட்டார். கங்காணி தவறவில்லை.

கொழுந்து நிறுக்கையில் அநியாயம் நடக்கிறது, ஒருநாள் யாரும் வேலைக்கு மலை ஏற வேண்டாம் என்று காளியப்பன் பேச்சை எடுத்தான். வரிசை வீடுகளான லயத்தில், அவனுடைய ஒற்றை அறைக் காம்பராவில்தான் பேசினோம். அவன், மாரிமுத்து, நான், நடுவில் வந்து உட்கார்ந்த கங்காணி. மறுநாளே துரை காளியப்பனுக்கு வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டைக் கொடுத்து, தோட்டத்தை விட்டே வெளியேறச் சொல்லிவிட்டார். எங்கள் சனத்துக்குக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை என்று ஆகியிருந்த காலம். தோட்டத்தை விட்டுத் துரத்தினால் நிற்க ஒரு முழம் மண் கிடையாது. தலைமன்னாருக்கு ரயில் ஏறி, கப்பலில் இந்தியாவுக்குப் போவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

அவர்களை வழியனுப்ப மாரிமுத்துவும் நானும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். காளியப்பன் மூட்டையை இறக்கவில்லை. "துரைகிட்டப் போட்டுக் குடுத்துட்டு வழியனுப்ப வேற வந்துட்டீங்களா மச்சான்? எனக்குத் தெரிய வேண்டிய எடத்துல இருந்து தெரிஞ்சிருச்சு" என்றான். மாரிமுத்து தங்கச்சியைப் பார்த்தார். அவள் இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "தாதி வெறும் வேஷம்னுதான் நெனச்சேன்ணே." அவ்வளவுதான். பஸ் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து அந்த விஷம் என்னிடமும் வந்தது. தேயிலை பதனிடும் ஸ்டோருக்குப் பின்னால் கங்காணி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், சால்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன். நான் சொன்னதா வெளிய தெரியக் கூடாது. மச்சானக் காட்டிக் குடுத்தது மாரிமுத்துதான். அவன் வேஷமே அதுதானப்பா" என்றார். பங்களாப் படியை ஒருநாளும் மிதிக்காத மனிதர் துரையிடம் எப்படிப் போய்ச் சொல்லியிருப்பார் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு நேராக மாரிமுத்துவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "என்ன சொன்னாருங்கிறது கெடக்கட்டும். எப்படிச் சொன்னாரு? செஞ்சு காட்டு" என்றார். செய்து காட்டினேன். பிறகு லயம் லயமாகப் போய் எல்லாரிடமும் அதையே கேட்டார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்கூடக் கடைசியில் செய்து காட்டினார்கள். ஒருவருக்குக்கூட வேறு மாதிரிச் சொல்லப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் மாரிமுத்துவுக்குக் காப்புக் கட்டக் கூடாது என்று கங்காணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காப்புக் கட்டுகிற கோயில் பூசாரி கட்டுப்பாட்டை மீற ஒத்துக்கொள்ளவில்லை. கூத்து நடந்தது. தாதி ராணியின் அருகே போகும் இடம் வந்தது. நான் மத்தளத்தை முழக்கினேன். மாரிமுத்து என்னை நோக்கிக் கையை உயர்த்தினார். என் கை தானாக நின்றது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அந்த இடத்தில் மத்தளம் நின்றதில்லை.

தாதியின் கூன் நிமிர்ந்தது. கையிலிருந்த தடியைக் குடை மாதிரி முழங்கையில் மாட்டிக்கொண்டார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். முந்தானையைச் சால்வை மாதிரி இழுத்து வாயை மூடினார். பிறகு களம் முழுவதும் கேட்கும்படி, கங்காணியின் அதே குரலில் சொன்னார்: "ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன். நான் சொன்னதா வெளிய தெரியக் கூடாது."

கூட்டத்தில் யாரோ, "அட, எங்கிட்டயும் இதத்தானய்யா சொன்னாரு" என்றார்கள். அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், எல்லாத் தலைகளும் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பின. கங்காணி கிரீடத்துடன் உட்கார்ந்திருந்தார். காப்புக் கட்டியவர் இறங்கிப் போக முடியாது. கடைசிக் காட்சியில் ராஜா எழுந்து கேட்க வேண்டிய வசனம் ஒன்று உண்டு. அதைக் கேட்டே ஆக வேண்டும். எழுந்தார். "கோள் சொன்னவர் யார்? என் முன்னே வந்து நிற்கட்டும்" என்றார். மேட்டில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி பதில் சொன்னாள்: "அதான் வந்து நிக்கிறீங்களே கங்காணி."

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இன்று நினைத்தாலும் இனிக்கிறது. மறு வருடம் கங்காணி முழங்கால் வலி என்று வேஷத்தை விட்டுவிட்டார். மாரிமுத்துவின் முகத்தில் மட்டும் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இந்தியாவுக்குப் போகிற யாரிடமாவது பாக்கியத்துக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நான் பல முறை கேட்டேன். "ஆள் விட்டுச் சொல்லி நம்ப வைக்கிறது கங்காணி வேல. எந்தங்கச்சிக்கு நான் யாருன்னு இன்னொருத்தர் சொல்லணுமா?" என்றார். இன்னொரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார்: "அந்த ஆளு சொன்னான், சரி. இவ நம்புனா பாரு." அவர் கங்காணியையும் மன்னிக்கவில்லை, தங்கச்சியையும் மன்னிக்கவில்லை. தங்கச்சிக்காக ஏங்கியபடியே போய்ச் சேர்ந்தார். மன்னித்திருக்க வேண்டும் என்று யாராவது எனக்குப் புத்தி சொல்ல வந்தால் வேறு கடை பார்க்கச் சொல்வேன்.

இழவு வீட்டுக்குக் கங்காணியும் வந்தார். கிழடு தட்டிவிட்டது, கோட்டு அதே கோட்டு. என்னைக் கண்டதும் முழங்கையைப் பிடித்து லயத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். சால்வை வாய்க்கு வந்தது. "ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன் லிங்கம். போன மாசம் எங்கிட்ட வந்து அழுதான். களத்துல பண்ணது தப்புன்னு கால்ல விழுந்தான். நானும் மன்னிச்சுட்டேன். நான் சொன்னதா வெளிய தெரியக் கூடாது." செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தைரியம். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, கருமாதி அன்று பெரட்டுக்களத்தில் தான் இரங்கல் பேசப் போவதாகவும், தான் பேச எழும்பும்போது பழையபடி மத்தளம் முழங்கினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். "வாரேங்க" என்றேன்.

மாரிமுத்து அப்படி அழுகிற ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் எங்கேயாவது பாக்கியத்தின் கையில் இது கிடைத்தால் வாசித்துக்கொள்ளட்டும். நான் ஆள் விட்டுச் சொல்லவில்லை, பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். கங்காணியிடமும் யாராவது போய்ச் சொல்லுங்கள், ஆனால் சத்தமாகச் சொல்லுங்கள். மாரிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் கை உயர்ந்த அந்த ஒரு நிமிடம். கருமாதிக்கு மத்தளத்தோடு வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். கங்காணி எழுந்து பேசட்டும், ஊர்க் காதில் விழட்டும். நான் அடிக்க மாட்டேன்.