தொலைக்காட்சி ஐயரும் எங்கள் ஐயரும்

எங்கள் பக்கத்தில் சர்ச் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை. கேரளத்து எல்லையில், குன்னத்துகாலிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் எங்கள் வீடு. அதை ஒட்டி, ஓடு போட்ட ஒரு சின்ன சர்ச். நாங்கள் சைவக்காரர்கள். திருநீறு பூசாமல் அப்பா பேப்பரைக்கூடப் பிரிக்க மாட்டார். ஆனாலும் தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த ஐயர் வந்து உட்கார்ந்தால்தான் எங்கள் வீட்டில் டி.வி. களைகட்டியது.

நான் அப்போது டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைப் பரீட்சைகளை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களெல்லாம், "ஒண்ணும் ஆகல்லியா மக்கா?" என்று கேட்பார்கள். ஆகியிருந்தால் நான் ஏன் வீட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன்? எனக்கு ஊரில் எல்லார் மேலும் எரிச்சல். வாராவாரம் சாயா போட வைக்கிற ஐயர் மேலும் எரிச்சல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வாராவாரம் வந்ததற்குக் காரணம் ஒரு மலையாளச் சிரிப்புத் தொடர். நகரத்தில் ஒரு சர்ச், அதற்கு ஒரு ஐயர். கூரை ஒழுகும். ஆர்மோனியம் பாட்டின் நடுவில் மூச்சை விட்டுவிடும். ஜெபத்துக்கு வருகிறவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மணியடிக்கிற ஆள் தோன்றின நேரத்தில் மணியடிப்பான். இதையெல்லாம் சமாளிக்க அந்த ஐயர் படுகிற பாடுதான் கதை. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

எங்கள் ஐயருக்கு விஷயம் தெரிந்து, தம்மைப் போன்றவர்களைக் கேலி செய்கிறார்கள் என்று கோபமாகத்தான் முதல் தடவை வந்தார். அவர் குடியிருந்த வீட்டில் டி.வி. இல்லை. பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பார்த்தார். டி.வி. ஐயர் பிரசங்கம் செய்துகொண்டே, பேச்சை நிறுத்தாமல், காலால் ஒரு வாளியை ஒழுக்குக்கு நேராகத் தள்ளினார். அவ்வளவுதான். எங்கள் ஐயருக்குக் குடித்த சாயா மூக்கு வழியாக வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது என் கதையாக்கும்!" என்று இருமலுக்கு நடுவே அப்பாவிடம் சொன்னார். "போன ஆடி மழையில நான் இதத்தான் செய்தேன். இவனுக்கு யாரு சொன்னது?"

அன்றிலிருந்து அது ஐயரின் நாற்காலி. கழுத்துப்பட்டை தப்பு, ஞானஸ்நானம் இப்படிக் கொடுக்க மாட்டார்கள் என்று குற்றம் கண்டுபிடிப்பார். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து அப்பா சிரிப்பார். அப்பா வில்லேஜ் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் சிரித்துப் பழக்கமில்லை. வீட்டில் அதற்குமுன் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை கிடைத்ததா என்று என்னைக் கேட்காத ஒரே மனிதரும் அந்த ஐயர்தான். ஒரே ஒரு முறை, "பரீட்சைத் தாள்ல சிரிக்க வைக்குத கேள்வி ஏதாவது உண்டா மக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் சிரிக்கவே இல்லை. என்ன ஐயரே, மேலுக்குச் சுகமில்லையா என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் சொன்னார். மேலிடத்திலிருந்து பெரிய ஐயர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறார். சபையில் ஆள் போதாது என்று பட்டால், சர்ச்சைப் பூட்டி, உதியன்குளங்கரைப் பக்கத்துப் பெரிய சர்ச்சோடு சேர்த்துவிடுவார்கள். ஐயரை எங்காவது மாற்றிவிடுவார்கள்.

"ஒங்களுக்கு இப்ப எத்தன பேரு உண்டு?" என்று அப்பா கேட்டார்.

"பதினோரு பேரு. அதுல ரெண்டு பேருக்குக் காது கேக்காது."

விதி என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு டி.வி.யிலும் அதே கதை. சர்ச்சைப் பார்வையிட மேலதிகாரி வருகிறார். டி.வி. ஐயர் பக்கத்து ஓட்டல்காரனைக் கெஞ்சி, பரிமாறுகிறவன் முதல் பரோட்டா போடுகிறவன் வரை கூட்டி வந்து பெஞ்சை நிரப்புகிறார். மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா தாடையைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அப்பா சாயாக்கடைக்கும் வாசகசாலைக்கும் சிவன் கோயில் கமிட்டிக்கும் அலைந்தார். ஐயரிடம் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமை எங்கள் முற்றத்தில் பதின்மூன்று ஆண்கள் கூடினார்கள். அப்பாவோடு பதினான்கு. எல்லாரும் கோயிலே கதியென்று கிடக்கிறவர்கள்.

"எழும்பச் சொன்னா எழும்பணும், இருக்கச் சொன்னா இருக்கணும்," என்று அப்பா பாடம் நடத்தினார். "நெத்தியில திருநீறு, சந்தனம் ஒண்ணும் காணப்பிடாது. சம்சயம் வந்தா என்னப் பாருங்கோ. நான் செய்யத அப்படியே செய்தா போரும்."

"அப்பா, இது வேண்டாம்," என்றேன்.

"நீ சும்மா இரி மக்கா. டி.வி.யில நடந்துதுல்லா?"

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் முன்னாலேயே போய், பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். ஐயரும் பெரிய ஐயரும் உள்ளறையில் இருந்தார்கள். மணியடித்தது. நம் ஆட்கள் பதினான்கு பேரும் வரிசையாகப் படியேறினார்கள். கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்கள். ஆனாலும் சொன்னபடி நெற்றியைப் பளிச்சென்று துடைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார்கள். பரவாயில்லையே என்று நினைத்தேன்.

அப்பா வாசல்படியில் வலது காலை வைத்தார். கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது.

எங்கள் ஊரில் ஆண்கள் சட்டையோடு சன்னதிக்குள் போக மாட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து பழகிய கை. அதற்குச் சிவன் கோயில் வாசலும் சர்ச் வாசலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அப்பா சட்டையைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்தார். நான் செய்வதை அப்படியே செய்யுங்கள் என்று சொல்லியிருந்தாரே! பின்னால் வந்த பதின்மூன்று பேரும் கழற்றினார்கள். நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அப்பா என்னைப் பார்த்து, எல்லாம் சரியாக நடக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு முன்வரிசைக்குப் போனார்.

ஐயோ, அந்தக் காட்சியை என்ன சொல்ல! நெற்றியைத் துடைத்தவர்கள் மார்பைத் துடைக்கவில்லை. பதினான்கு வெற்று மார்புகள். மார்பிலும் புஜங்களிலும் மூன்று மூன்று பட்டையாகத் திருநீறு. இரண்டு பெஞ்சு நிறையப் பரமசிவன் பக்தர்கள் கைகூப்பி உட்கார்ந்திருக்க, உள்ளறைக் கதவு திறந்து பெரிய ஐயர் வந்தார். பின்னால் எங்கள் ஐயர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஐயர் முன்னால் வந்து, "இவங்க என் சபைக்காரங்க இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க. எனக்கு உள்ளது பதினோரு பேருதான்," என்றார்.

பெரிய ஐயர் அப்பாவைப் பார்த்து, பிறகு எதற்கு வந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். அப்பா எழுந்தார். அப்போதுதான் தாம் சட்டையில்லாமல் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அவசரமாக மாட்டி, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"தப்புதான். இத பூட்டினா இவரு போயிருவாரு," என்றார். "இவரு போனா ஞாயித்துக்கிழம எங்க வீட்டுல ஒரு நாற்காலி சும்மா கெடக்கும். எனக்கு அது தாங்காதாக்கும்."

பெரிய ஐயர் திரும்பினார். கடைசி பெஞ்சைப் பார்த்து, நீங்களும் இந்தக் கூட்டம்தானா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. "நான் இல்ல. நான் சும்மா பாக்க வந்தேன்," என்றேன். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆராதனையை நடத்தச் சொன்னார். முடிந்ததும் சாயாகூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

"அண்ணாச்சி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்று மட்டும் எங்கள் ஐயர் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. டி.வி. ஓடியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"மக்கா, நான் கெடுத்துப் போட்டேனா?" என்று அப்பா கேட்டார்.

"கெடுத்துதான் போட்டீங்க," என்றேன் வெடுக்கென்று. அவர் எழுந்து போய், விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லையில் மரச்சீனிக் கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நாற்காலி சும்மாதான் கிடந்தது. அதற்கும் அடுத்த ஞாயிறு, தொடர் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆன பிறகு, முற்றத்தில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. ஐயர் உள்ளே வந்தார். கையில் ஒரு கடிதம். அப்பா எழுந்து நின்றார். ஐயர் தாமே தம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெரிய ஐயர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையின் நகல் அது.

"சபையார் பதினொரு பேர். பூட்டினால் வருந்துவோர் இருபத்தேழு பேர். பூட்ட வேண்டாம்."

டி.வி.யில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தார், தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு ஆபீஸ் புத்தி விடுமா, விரல் விட்டு எண்ணினார்.

"சபையில பதினோரு பேரு. நாங்க பதினாலு. இருபத்தஞ்சு. இவளச் சேத்தா இருபத்தாறு," என்று அம்மாவைக் காட்டினார். "இன்னும் ஒண்ணு இடிக்குதே ஐயரே. அது யாரு?"

ஐயர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி," என்றார்.

நான் சாயா போட அடுக்களைக்குப் போனேன்.