கதீஜாவின் குரலை நான் ஒளித்த வருஷம்

சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அல்லாஹ் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்த தப்பையும் சொல்லியாக வேண்டும். தப்பை விட்டுவிட்டு உதவியை மட்டும் சொன்னால் அது இன்னொரு பொய். பொய்யில் நான் ஏற்கெனவே கைதேர்ந்தவள்.

1984. விழுப்புரத்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். மகள் கதீஜாவுக்கு ஒரு வயது முடிந்த கையோடு விமானம் ஏறியவரால், விசா சிக்கலில் நாலு வருஷமாக ஊருக்கு வர முடியவில்லை.

கதீஜா என்னைப் போலவே வாயாடி. ஆனால் அவளுக்குக் 'க' வராது. அந்த எழுத்து வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'த' வந்து உட்காரும். 'எனக்குக் கொஞ்சம் கொடு' என்பதை 'எனத்துத் தொஞ்சம் தொடு' என்பாள். மூன்று வயதில் நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தோம். கொஞ்சினோம். நாங்களும் அவளிடம் அப்படியே பேசினோம். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பேர் கேட்டால் 'ததீஜா' என்பாள். கேட்டவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவளுக்குப் பதிலாக நானே சொல்லிவிடுவேன்.

வசம்பு உரசித் தேய்த்தேன். தேனில் தங்கத்தை உரசி நாக்கில் தடவினேன். நாக்குக்கு அடியில் உள்ள நரம்பை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு உறவுக்காரர் சொன்னார். அதற்கு மட்டும் மனசு வரவில்லை.

அப்போதெல்லாம் போன் பேசுவது பெரிய பாடு. நாங்கள் கேசட்டில்தான் பேசிக்கொள்வோம். அவர் கொடுத்தனுப்பிய டேப்ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்து, லீவு முடிந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். "புள்ள இப்ப நல்லா பேசுவாளே, அவ குரலக் கேக்கணும் நூரு" என்று அவர் கேசட்டில் கேட்டிருந்தார். கதீஜாவைப் பேசவைத்துப் போட்டுக் கேட்டேன். எனக்கே தாங்கவில்லை. நாலு வருஷம் பிள்ளையைப் பார்க்காத மனுஷன் இதைக் கேட்டு என்ன ஆவார்?

அதை அழித்தேன். பக்கத்து வீட்டு ஷமீமுக்கும் அதே வயது. பேச்சு மணி மாதிரி இருக்கும். கிரீம் பிஸ்கட் வாங்கிக்கொடுத்து, "அத்தா, நான் கதீஜா பேசுறேன்" என்று அவளைச் சொல்லவைத்துப் பதிவு செய்து அனுப்பினேன்.

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை அனுப்பினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ரூமில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறாராம்.

மூன்றாவது தடவை ஷமீம் பேசி முடித்ததும் கதீஜா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எங்த அத்தாத்திட்ட அவ ஏம்மா பேசுறா?" என்று கேட்டாள். 'அத்தா' என்ற சொல்லை மட்டும் என் மகள் பிறந்ததிலிருந்து சுத்தமாகச் சொல்வாள். அந்தச் சொல்லைத்தான் நான் அவளிடமிருந்து பிடுங்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்து அவரிடமிருந்து கடிதம். விசா சரியாகிவிட்டது, பங்குனியில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய நான் நடுங்கிப்போனேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தினேன். "யா அல்லாஹ், அவர் வருவதற்குள் என் பிள்ளையின் நாக்கைத் திருத்திக் கொடு." உண்மையில் நான் கேட்டது, என் பொய்யை மூடிக் கொடு என்பதுதான். அவனுக்கா தெரியாது?

ஐப்பசியில் திண்டிவனத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பஸ் பஞ்சர். மழை வேறு. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக் கதீஜாவுக்குக் கொடுத்தார். கதீஜா விடுவாளா? பேச ஆரம்பித்துவிட்டாள். நான் வழக்கம்போல் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கம்முனு இருங்கம்மா. அவ பேசட்டும்" என்றார் அந்த அம்மாள். பேர் ராஜேஸ்வரி. சென்னையில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் டீச்சர். லீவுக்கு வளவனூர் போய்க்கொண்டிருந்தார்.

கதீஜாவை வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார்.

"நாக்குல ஒரு குறையும் இல்ல. எதையும் வெட்டிக்கினு நிக்காதீங்க. நாக்கோட பின்பக்கத்தத் தூக்க அவளுக்குத் தெரியல, அவ்ளோதான்."

"அத எப்படிம்மா கத்துக்குடுக்கிறது?"

"வாயில கொஞ்சம் தண்ணிய வெச்சி, அண்ணாந்து தொண்டைல கொப்புளிக்கச் சொல்லுங்க. அப்ப பின்நாக்கு தானா மேல போவும். அந்த எடம் பழகிட்டா எழுத்து வந்துடும். ஒரேடியா உக்கார வெச்சி உயிர வாங்காதீங்க. கொஞ்சங் கொஞ்சமா, நாளைக்கு நாலஞ்சு வாட்டி. தப்புன்னு சொல்லாதீங்க, நீங்க சரியா சொல்லிக் காட்டுங்க. அவ பேசுறமாதிரி நீங்க பேசாதீங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. தண்ணீர். நாளைக்கு நாலைந்து தடவை. ஐந்து வேளைத் தொழுகைக்கு முன் கை, வாய், முகம் கழுவி ஒளு செய்கிறோமே, அதில் வாய் கொப்பளிப்பதும் ஒன்று இல்லையா? சின்னப் பிள்ளைதானே என்று அவளை ஒரு நாளும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டதில்லை. "தண்ணியில ஆடாத, தள்ளிப் போ" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். நான் ஊரெல்லாம் மருந்து தேடினேன். அது என் வீட்டுக் குழாயடியில் இருந்தது.

மறுநாளிலிருந்து நான் ஒளு செய்யும்போதெல்லாம் அவளும் என் பக்கத்தில் குந்திக்கொள்வாள். முதலில் பாதித் தண்ணீர் என் மேல்தான் விழும். புரையேறும். சிரிப்பாள். பத்துப் பன்னிரண்டு நாளில் தொண்டைக்குள் களகளவென்று சத்தம் வந்தது. பிறகு தண்ணீர் இல்லாமல் அதே சத்தம். ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் அண்ணாந்தபடி "அக்" என்றாள். நான் கத்திய கத்தலில் ஷமீமின் அம்மா ஓடிவந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். தனியாகச் சொன்னால் 'க' வரும். பேச்சில் மறுபடி 'த'. நான் பொறுமை இழந்து ஒரு நாள் அவள் முதுகில் அடித்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அவள் பேசவே இல்லை. தொழுகையில் நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. பிள்ளையின் நாக்குக்கு நான் எதற்குக் கெடு வைத்திருக்கிறேன்? அவளுக்காகவா, எனக்காகவா?

தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்து எழுந்ததும் டேப்ரெக்கார்டரை எடுத்தேன். ஒரு பக்கம் முழுவதும் நான் செய்ததைச் சொன்னேன். மறு பக்கத்தில் கதீஜாவை உட்காரவைத்தேன். பாதி 'க', பாதி 'த'. ஒன்றையும் அழிக்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி அப்படியே கொடுத்தனுப்பினேன்.

ஒன்றரை மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கேசட் வந்தது.

போட்டேன். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. "கதீஜா, அத்தா சொல்றேன், நீயும் சொல்லு. காக்கா." அப்புறம் சத்தமே இல்லை, அவர் ரூம் மின்விசிறி மட்டும் ஓடியது. "கத்திரிக்கா." மறுபடியும் மௌனம். அவள் பதில் சொல்வதற்காக இடம் விட்டு விட்டுப் பேசியிருக்கிறார்! கதீஜா டேப்ரெக்கார்டருக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். முக்கால் மணி நேரம் அப்படியே போனது. கடைசியில்தான் எனக்கு வந்தது.

"நூரு, எம் புள்ள எப்படிப் பேசுனாலும் எனக்குப் புரியும். புரியாதுன்னு நீ நெனச்சிக்கினு இருந்தியே, அதான் எனக்கு பேஜாரா போச்சு."

அந்தக் கேசட்டை நாடா தேயும்வரை ஓட்டினோம். அடுத்த மழைக்காலத்துக்குள் 'க' முழுவதும் படிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு மதரஸாவில் அவள் குர்ஆன் ஓதியதைக் கேட்டு, இந்தப் பிள்ளைக்கா பேச்சு வரவில்லை என்றார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் நாக்குத் திரும்பாத பிள்ளை இருக்கலாம். கையேந்துங்கள், அல்லாஹ் காது கொடுப்பான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பிள்ளையை மறைக்காதீர்கள். தினம் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள், அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.

நான் கேட்டது அவர் வருவதற்குள் நாக்குத் திருந்த வேண்டும் என்று. அவர் அந்தப் பங்குனியில் விழுப்புரம் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, கதீஜாவுக்கு ஆனந்தத்தில் படித்ததெல்லாம் மறந்து பழைய 'த' முழுவதும் திரும்பிவந்துவிட்டது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வீடு வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் கேட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.