நொய்யலுக்கு மூன்றாவது தேங்காய்

நொய்யலில் புதுத்தண்ணீர் வந்தால் முதல் தேங்காய் உடைக்கும் உரிமை சீனிவாசலுவின் வீட்டுக்கு. யார் கொடுத்த உரிமை என்று கேட்டுவிடக் கூடாது, மனுஷனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அவர் அப்பா காலத்தில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஆறு கரை தொட்டது. ஊரே திரண்டு பூத் தூவியது. இப்போதோ ஒரே வருஷத்தில் இரண்டு வெள்ளம். இரண்டு முறையும் அவர் தேங்காய் வாங்க ஓடினார், இரண்டு முறையும் ஆற்றோரக் கிணற்றடியில் அவருடைய மோட்டார் முழுகியது.

"காத்து சூடாக ஆக நெறையத் தண்ணியச் சொமக்கும்ப்பா. ஒரு மாசத்து மழைய ஒரே நாள்ல கொட்டீரும். இனி அடிக்கடி வரும்" என்று போனில் சொன்னாள், சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் மகள் லாஸ்யா.

"வரட்டும் கண்ணு, தண்ணிய வேண்டாம்பாங்களா?" என்றார். வறட்சியில் வளர்ந்த நாக்கு, வேறு எப்படிப் பேசும்!

மனைவி ராமாமணி விடவில்லை. "ஏனுங்க, விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானுங்க. மாசாமாசம் வர்ற மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுப்பாங்களா?"

இன்னொரு முறை முழுகினால் மோட்டார் தேறாது என்று மெக்கானிக் முஜீப் கைவிரித்திருந்தார். அது போனால், அடுத்த வெயிலில் இரண்டு ஏக்கர் வாழையும் போகும்.

ஐப்பசியில் ஒரு காலை, பேரூரிலிருந்து உறவுக்காரர் போன் செய்தார். தண்ணீர் புறப்பட்டுவிட்டதாம். வந்து சேர அரை நாளாகும் என்பது சீனிவாசலுவின் பழைய கணக்கு. அதை நம்பிப் பூக்கடைக்குப் போனவர், செவ்வந்திக்குப் பேரமும் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது படித்துறையைக் காணோம். கிணற்றடியையும் காணோம். செந்நிறத் தண்ணீர் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடியது. வாழ்நாளெல்லாம் தண்ணீர் வேண்டிக் கும்பிட்டவருக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. "போச்சே, வாழை போச்சே" என்று பூசைத் தட்டும் கையுமாக அழுதார்.

"இங்க திரும்பிப் பாருங்க!"

இடுப்புவரை சேற்றோடு ராமாமணியும் முஜீப்பும் நின்றார்கள். பக்கத்தில் சரக்கு ஆட்டோவில் மோட்டார், ஈரம்கூடப் படாமல்.

"போன் வந்ததும் நீங்க பூவுக்கு ஓடுனீங்க, நான் முஜீப்பக் கூப்புட்டேனுங்க" என்றாள்.

சீனிவாசலு கற்பூரத்தைக் கொளுத்தினார். கரையில் கூடியிருந்த ஊர் ஆற்றைப் பார்த்துக் கைகூப்பியது. அவரோ ராமாமணிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, அவள் காலடியில் தேங்காயை ஓங்கி உடைத்தார்.

"ஐயோ, என்னங்க இது! நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும் அம்மணி. அடுத்த தடவ மோட்டாரத் தூக்கறப்ப எனக்கும் ஒரு சத்தங்குடு. ஒரு பக்கம் நான் புடிச்சுக்கறேன்."