சத்தத்தைக் கண்ணால் பார்த்தவள்

சின்ன வயதுக் காய்ச்சலில் அக்காவுக்குக் காது போய்விட்டது. "காது கேக்காதவ ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ணப் போறாளாம்!" என்று தெருவே சிரித்தது. அக்கா காதில் போட்டுக்கொள்ளாமல் கடையைத் திறந்துவிட்டாள்.

ஒருநாள் நாடக அரங்கிலிருந்து ஆள் வந்தது. சற்று நேரத்தில் நாடகம். ஸ்பீக்கரோ ஓயாமல் 'ம்ம்ம்' என்று இரைந்தது. மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு போனோம்.

ஸ்பீக்கர் ஒயரில் இணைத்ததும் பச்சைக் கோடு அலையாக எழுந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்; குறுக்கே ஒரு கட்டத்துக்கு ஐந்து மில்லிசெகண்ட். முகட்டுக்கு முகடு இரண்டு கட்டம்.

"பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு அலை. அப்போ செகண்டுக்கு நூறு," என்றாள் அக்கா. "லைன் கரண்ட் ஐம்பதுதான். கீழ்ப்பாதி அலையையும் மேலே புரட்டிவிடுற டயோடைத் தாண்டினாத்தான் நூறாகும். அதைச் சமப்படுத்துற கெப்பாசிட்டர் போயிடுச்சு."

அதை மாற்றினாள். அலை படுத்து நேர்கோடானது.

"இரைச்சல் சுத்தமா நின்னுபோச்சும்மா!" என்றார் அரங்க மேலாளர். அக்கா அவர் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள். நடிகர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். திறந்திருந்த மைக் வழியே அந்தக் கைதட்டல் திரையில் குபீரென்று எழும்பியது.

"இன்னும் பலமாத் தட்டுங்க," என்று கத்தினாள் அக்கா. "மேல இன்னும் ரெண்டு கட்டம் காலியா இருக்கு!"