சுவரில் ஐந்து கண்ணாடி

என் காலுக்குள் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஊரிலும் அது அதிகம் நிற்காது. கிள்ளானில் மூட்டை தூக்குகிறவர்களோடு ஒரு கூடம், ரவாங்கில் ஈயம் தோண்டும் குட்டைகளில் வேலை செய்கிறவர்கள் தங்கும் பலகை வீடு, அப்புறம் பிரிக்பீல்ட்ஸில் சீனர் கோப்பிக்கடைக்கு மேலே ஒரு மாடி. ஆளுக்கொரு பலகைத் தடுப்பு, எல்லாருக்கும் சேர்த்துத் தெருக்குழாய். கிட்டங்கி என்றுதான் அதைச் சொல்வோம். சரக்கு அடுக்கும் இடத்துக்கு உள்ள பெயர். எங்களையும் அப்படித்தான் அடுக்கியிருந்தது.

என் சொத்து ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ஒரு மங்குக் குவளை. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. மழை விட்ட காலைகளில் தண்டவாளம் ஈரத்தோடு மின்னிக்கொண்டு எங்கேயோ போகும். பார்த்தால் போதும், கை தானாகப் பாயைச் சுருட்டப் பார்க்கும்.

அந்தக் கையைக் கட்டிப்போட்டவள் கிள்ளான்காரி. கோயில் திருவிழாவில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை குவளையை நீட்டினேன். நிமிர்ந்து பார்க்காமலே, "இந்தக் கை ஏற்கெனவே வந்த கை, தள்ளி நில்லுங்க" என்றாள். தள்ளி நின்றேன். ஆனால் அங்கிருந்து போக முடியவில்லை.

ஆள் விட்டுப் பெண் கேட்டேன். அவள் அப்பா கிள்ளானில் மாட்டுவண்டிகள் வைத்திருந்தவர். கல்யாணம் பேசிவிட்டுக் கப்பலேறிப் போன ஒருவனைப் பார்த்தவர். "ஞாயித்துக்கெழம நானே வந்து பையன் இருக்குற எடத்தப் பாக்கறேன்" என்று சொல்லியனுப்பினார்.

பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் பாயிண்ட்ஸ்மேன். ரயில்களைத் தடம் மாற்றிவிடுகிற வேலை. மனிதர்களையும் மாற்றிவிடலாம் என்று நம்புகிறவர். என் தடுப்பை ஒருமுறை நோட்டம் விட்டார்.

"இது குடியிருக்கிற எடமா? ரயிலுக்குக் காத்திருக்கிற எடம் மாதிரி இருக்கு. இதப் பாத்தா பொண்ணு குடுப்பாராய்யா?"

"இருக்கறதுதானே இருக்கும்?"

"நீ சும்மா இரு. நாங்க பாத்துக்கறோம்."

ஞாயிறு காலை கிட்டங்கியே என் தடுப்புக்குள் குடிவந்தது. ஆளுக்கொரு நல்ல பொருள் என்று கட்டளை. தனிக்கட்டைகளுக்கு நல்ல பொருள் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடிதான் போலிருக்கிறது. சுவரில் ஐந்து கண்ணாடி மாட்டினார்கள். கண்ணாடி மூலைகளில் ஒட்டியிருந்த முருகன் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரித்தார். பாயிண்ட்ஸ்மேனின் அரிக்கேன் விளக்கு, பட்டறை ஃபிட்டரின் புதுக் குடை, கீழே கோப்பிக்கடையில் கேட்காமல் எடுத்த நாற்காலி. நடுவில் நான், எனக்கே விருந்தாளியாக.

அவள் அப்பா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து கண்ணாடியிலும் அவர் மீசை தெரிந்தது.

"தம்பிக்கு கூட்ஸ் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வேலன்னு சொன்னாங்க. முடிவெட்டுற கடையும் வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க ஐயா. கண்ணாடின்னா கொஞ்சம் பிரியம்."

என் குவளையில் அவருக்குக் கோப்பி கொடுத்தேன். அவர் உறிஞ்சவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் மழை தூறிப் பழகுவதில்லை. கூரையில் கூடை கூடையாகக் கொட்டும். எனக்குப் பிடித்த மழை. அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

ஃபிட்டர் தலையை நீட்டினார். "அண்ணே, ஒங்க கொடையக் கொஞ்சம் குடுக்கறீங்களா? அவசரமா போவணும்."

தாராளமாக எடுத்துக் கொடுத்தேன். "நல்ல மனசு" என்றார் கிள்ளான்காரர்.

அடுத்தவர் நாடகம் பார்க்கப் புறப்பட்டவர். கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்கயே பாத்துக்குங்களேன். இன்னும் நாலு இருக்கே" என்றார் கிள்ளான்காரர்.

"இல்லீங்க. இதுலதான் என் மூஞ்சி ஒழுங்கா தெரியும்."

அந்தப் பேச்சைக் கேட்ட மற்றவர்களுக்கும் முகம் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. கண்ணாடிகள் ஒவ்வொன்றாகச் சுவரைவிட்டுப் போயின. பாயிண்ட்ஸ்மேனும் வந்தார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் விளக்கை எடுத்துக்கொண்டு, "தம்பி வெளக்கு எப்பவும் நல்லா எரியும்" என்று புகழ்ந்துவிட்டுப் போனார்.

கடைசியில் கோப்பிக்கடைச் சீனர் மூச்சு வாங்க மாடியேறினார். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் கடை கொள்ளாமல் நிற்கிறது, நாற்காலி போதவில்லை. எங்கள் நாடகத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. விருந்தாளியை நோக்கிப் பணிவாகக் குனிந்து, அது தம் நாற்காலி என்று கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் சொன்னார். கிள்ளான்காரருக்கு மலாய் நன்றாகவே தெரியும். எழுந்து, தம் கையாலேயே நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தார்.

அப்புறம் என் பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பத்தான் கால மடக்கி ஒக்கார எடம் கெடைச்சிருக்கு. இங்க மிச்சம் இருக்கறதுல எது ஒங்களது?"

"இந்தப் பாய், அந்தப் பெட்டி, நீங்க குடிக்கிற குவளை."

"இதயும் கேட்டு யாராச்சும் வருவாங்களா? சொல்லுங்க, சீக்கிரம் குடிச்சிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. குவளையைக் கீழே வைத்தார்.

"சாமான் இல்லாதது பெரிசில்ல. ஒரு எடத்துல இருக்க மாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எம்பொண்ணயும் இழுத்துக்கிட்டு ஊரூராப் போவீங்களோ?"

இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவரில் வெறும் ஆணிகள். இனி எதை மாட்டி அவரை ஏமாற்றுவது?

"மாறத்தான் செய்வேன் ஐயா. மாறாம இருக்க எனக்குத் தெரியல. ஆனா அவங்களைக் கேக்காம மாற மாட்டேன். அவங்க தள்ளி நில்லுன்னு சொன்னா நின்னுடுவேன். அன்னைக்கு நின்னேன்."

"என்னைக்கு?"

மோர்க் கதையைச் சொன்னேன். மீசை அசைந்தது.

"வீட்டுலயும் அப்படித்தான் பேசுவா. என்னயே தள்ளி நிக்க வச்சிருக்கா."

குவளையை எடுத்து மிச்சக் கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பி, காது கொடுத்து நின்றவர்களிடம் குரல் கொடுத்தார்.

"அடுத்த ஞாயிறு பொண்ணு பாக்க வர்றப்ப நீங்களும் கூட வாங்கப்பா. இவருக்குன்னு பேச நாலு பேர் வேணும்ல? கண்ணாடி மட்டும் கொண்டாராதீங்க, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு."

அடுத்த ஞாயிறு ரயிலில் ஒரு பெட்டியையே அடைத்துக்கொண்டு போனோம். ஜன்னலோரம் பாயிண்ட்ஸ்மேன். கிள்ளான் வருவதற்குள் அவர் கல்யாணத் தேதியைக் குறித்து, பந்தியில் யார் பரிமாறுவது என்று ஃபிட்டரோடு சண்டையும் போட்டு முடித்துவிட்டார்.