தொண்ணூறு சதவீதம்

2019 ஏப்ரல் 23 அன்று ரெய்னோ கோஸ்கெலாவின் தாடிக்கு வயது பதினெட்டு நாள். அதைத் தாடி என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மனைவி டெனிஸ் அதற்கு வைத்த பெயர் பாசி.

பைக் நேரோஸ் ஊரில் ஐஸ் ஹாக்கிப் பருவத்தின் கடைசிக் கட்டமான பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் ஆண்கள் சவரம் செய்வதில்லை. ஊர் அணியான லூன்ஸ் தோற்று வெளியேறும்வரை பிளேடு பக்கம் போகக் கூடாது. லூன்ஸ் பொதுவாக முதல் வாரத்திலேயே தோற்றுவிடும் என்பதால் அந்த ஊரில் யாருக்கும் முழுத் தாடி வளர்ந்ததில்லை. பாதிரியார் வளர்த்தார், வங்கி மேலாளர் வளர்த்தார், ரெய்னோவும் வளர்த்தார். ரெய்னோ மட்டும் வளர்த்திருக்கக் கூடாது. அவர் கோல் நடுவர்.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். ஆட்டம் உள்ள மாலைகளில் வலைக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். ரப்பர் வட்டு கோல் கோட்டைத் தாண்டினால் பொத்தானை அழுத்துவார், தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். வேலை அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலி அவருடையது. அதை விட்டால் தனக்கு ஊரில் வேறு பெருமை எதுவும் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

கோல் நடுவர் எந்த அணிக்கும் சாய்ந்தவராக இருக்கக் கூடாது. லீக் மேற்பார்வையாளர் மாரலின் அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டே விட்டாள்.

"என்ன ரெய்னோ இது?"

"தோல்ல அரிப்பும்மா. டாக்டர் பிளேடு படக் கூடாதுன்னுட்டாரு."

"மூணு வருஷமா ஏப்ரல்லதான் அரிக்குதா?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அன்று அயர்ன் பே அணியுடன் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்கு, தோற்பவர் வீட்டுக்கு. கோல் கணக்கு மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. இனி யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் முடிந்தது.

லூன்ஸ் ஆட்டக்காரன் ஒருவன் வலது பக்கத்திலிருந்து ஓங்கி அடித்தான். வட்டு மேல்கம்பியின் அடியில் பட்டு, வலைக்குள் கீழே பின்கம்பியில் மோதி, வந்த வேகத்திலேயே வெளியே துள்ளியது. கண் சிமிட்டும் நேரம். ரெய்னோ பார்த்தார். பின்கம்பியின் சத்தம் வேறு, மேல்கம்பியின் சத்தம் வேறு, இரண்டையும் கேட்டார். விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. விளக்கு எரிந்தது. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. யாரோ ஊர் வழக்கப்படி, உறையவைத்த பைக் மீனைப் பனித்தரையில் வீசினார்கள்.

ரெஃபரி மக்லஸ்கி மட்டும் கோல் என்று கை காட்டவில்லை. அவருக்கு முன்னால் நாலு பேர் மறைத்து நின்றிருந்தார்கள். விளக்கு எரிந்தாலும் கடைசி வார்த்தை ரெஃபரியுடையது. இந்த லீகில் திரும்பப் போட்டுப் பார்க்க வீடியோவும் கிடையாது. அவர் மீனைச் சுற்றிக்கொண்டு கூண்டை நோக்கிச் சறுக்கி வந்தார். பின்னாலேயே அயர்ன் பே பயிற்சியாளர் ஸ்ட்ரூத்தர்ஸ் பெஞ்சு மேல் ஏறி நின்று குரல் கொடுத்தான்.

"அந்தாள் மூஞ்சிய நல்லாப் பாருய்யா. யாருக்காக வளர்க்கிறான்னு கேளு. விளக்கப் போட்டது விரல் இல்ல, தாடி."

அயர்ன் பே பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ரெய்னோவுக்குக் காது சூடானது. பாசி பதினெட்டு நாளில் முதல் முறையாக உண்மையிலேயே அரித்தது.

மக்லஸ்கி கண்ணாடியின் இடுக்கில் வாயை வைத்தார். "உள்ள போச்சா?"

"போச்சு."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நூறு சதவீதம்?"

இங்கேதான் ரெய்னோ யோசிக்கத் தொடங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கூண்டுக்குள் அவர் யோசித்ததே இல்லை. அங்கே அதற்கு வேலையும் இல்லை. நூறு என்று சொன்னால் தாடி பேசுகிறது என்பார்கள். நடுநிலையான மனிதன் கொஞ்சம் தயங்குவான். நியாயஸ்தன் என்றால் ஒரு சிறு சந்தேகமாவது வைத்திருப்பான். எவ்வளவு வைக்கலாம்?

"தொண்ணூறு," என்றார், மிகுந்த கண்ணியத்தோடு.

"தொண்ணூறு பத்தாதுங்க," என்று மக்லஸ்கி திரும்பிப் போய் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். கோல் இல்லை. அடுத்த நாலாவது நிமிடத்தில் அயர்ன் பே மறுமுனையில் கோல் போட்டது. அந்த முனையின் கோல் நடுவராகப் பொத்தானை அழுத்தியவர் ஊர்ப் பல் மருத்துவர். ஊரிலேயே மழமழவென்று சவரம் செய்த ஒரே முகம்.

வீடு திரும்பும் காரில், பாலம் தாண்டியதும் டெனிஸ் கேட்டாள்.

"உள்ள போனது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன தொண்ணூறு?"

"நூறுன்னா ஒருதலையாத் தெரியுமேன்னு..."

"கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் கேட்டப்பவும் இப்படித் தொண்ணூறுன்னு சொல்லியிருக்கலாம். நானாவது தப்பிச்சிருப்பேன்."

வியாழக்கிழமை உள்ளூர் வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்தது. வட்டு கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே இருந்தது. அதற்கு நேர் பின்னால், கண்ணாடிக்கு அந்தப்புறம், பாசி படர்ந்த ஒரு முகம் விழிகளை அகல விரித்து அதே வட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளும் வழியையும் படம் அடைத்துவிட்டது.

பேருந்தை நிறுத்தி, மற்ற வண்டிகளை நிறுத்தும் சிவப்பு விளக்கைப் போட்டால் பிள்ளைகள் படியில் நின்று, "நிச்சயமா இறங்கலாமா, மிஸ்டர் கோஸ்கெலா?" என்று கேட்டார்கள். காப்பிக் கடையில் கடைக்காரன் லாயிட் கோப்பையை நீட்டி, "இது காப்பிதானா, பாத்துச் சொல்லு" என்றான். ரெய்னோ ஒரு வாய் குடித்து, "தொண்ணூறு" என்றார். மற்றவர்கள் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது வலி குறைவு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஆனால் வீட்டில், தொலைக்காட்சியில் பழைய ஆட்டம் எது ஓடினாலும் ஒவ்வொரு கோலுக்கும் அவருடைய கட்டைவிரல் சோபாவின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி போய்விட்டது என்றே நினைத்தார்.

ஜூன் மாதம் மாரலின் தொலைபேசியில் அழைத்தாள்.

"உங்க இடத்துக்கு ஆள் கேட்டுப் பாத்தோம். ஒருத்தரும் வரல. அந்தப் படத்தப் பாத்துட்டு யாரு வருவா? நீங்க இருப்பீங்களா, மாட்டீங்களா?"

"அநேகமா..."

"ரெய்னோ."

"இருப்பேன்."

"நல்லது. புதுசா ரெண்டு விதி. ரெஃபரி கேட்டா ஆமாம், இல்ல, ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணும். பிளேஆஃப் முடியிற வரைக்கும் கோல் நடுவர் தினம் சவரம் பண்ணணும்."

"தோல் அரிப்பு இருந்தா?"

"டாக்டர் சீட்டு கொண்டு வாங்க. பல் டாக்டர் சீட்டு செல்லாது."

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் அக்டோபரில், அயர்ன் பேயுடன். ரெய்னோ சவரம் செய்த முகத்தோடு அதே கூண்டில் உட்காருவார்.