ஒத்த வெடியோடு நின்றுபோகும் ரைஃபிள்

துப்பாக்கி ரிப்பேர் தொழிலில் துப்பாக்கியால் வரும் தொல்லை கால்வாசி, அதை வைத்திருப்பவரால் வருவது முக்கால்வாசி. கோவில்பட்டியில் லைசென்ஸோடு இந்தப் பட்டறையை நடத்துகிறேன். நீங்கள் மிக்சி, பம்புசெட் எதைக் கழற்றி மாட்டுகிறவராக இருந்தாலும் சரி, வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

இந்த வருஷம் என் உயிரை எடுத்தவர் இடைசெவல் பக்கத்து ரெங்கசாமி அண்ணாச்சி. கரிசலில் மக்காச்சோளம் போட்டிருந்தார். காட்டுப்பன்றிகளைச் சத்தம் காட்டி விரட்ட, கண்மாய்க் கரை மண்ணில் சுடுவதற்கு அவரிடம் ஒரு பழைய ரைஃபிள். விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டா தானாக ஏறி வெடிக்க வேண்டும். ஒன்று வெடித்ததும் நின்றுவிடும்.

பொட்டு வைத்த போல்ட்

ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தார். தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டைக் கழற்றினால் ஒரே சந்தனம், நடுவில் குங்குமம். மேலாகத் தொட்டு வைத்திருந்தால் துடைத்துவிடலாம். அண்ணாச்சி பக்திமான், காலித் தோட்டா வெளியே வரும் துவாரத்துக்குள் விரலை விட்டு அப்பியிருந்தார். அது காய்ந்து இறுகி, போல்ட் நகருவேனா என்றது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டி எடுத்தேன். வெளியில் மட்டும் வையுங்கள் என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“உள்ளுக்குள்ளதான தம்பி வெடி இருக்கு, வெளியில வச்சா அதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?”

மிட்டாய்க் கை

பயிர் இடுப்பளவு வந்தபோது மறுபடி வந்தார். இந்தத் தடவை தோட்டா அடுக்கும் மேகசினில் கோளாறு. ஸ்பிரிங் தள்ளுகிறது, தோட்டா மேலே வர மாட்டேன் என்கிறது. மோந்து பார்த்தேன், வெல்ல வாசனை. காவலில் கடலைமிட்டாயைக் கடித்தபடி அதே கையால் தோட்டா போட்டிருக்கிறார். பாகின் மேல் கரிசல் தூசி, அதற்கும் மேல் எறும்பு. எனக்குக் கோபம் வந்தது, சொல்லவும் செய்தேன்.

“பன்னிக்குக் காத்துக்கிட்டு ஒத்தையில உக்காந்து பாருங்க தம்பி, வாய் என்னத்தையாவது கேக்கத்தான் செய்யும்.”

தேய்ந்த கொக்கி

கதிர் பால் பிடித்ததும் ஓடி வந்தார். பாதி வயல் போய்விட்டது. மீதியும் போனால் இந்த வருஷம் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டைதான் மிச்சம். “ஒரு வெடி கேட்டதும் பன்னி தலையத் தூக்கிப் பாக்குது. அடுத்தது வராதுன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு, குனிஞ்சு திங்குது” என்றார்.

இந்த முறை சந்தனமும் இல்லை, பாகும் இல்லை. காலித் தோட்டாவை விளிம்பில் பிடித்து இழுக்கும் கொக்கி, அவர் அப்பா காலத்திலிருந்து உழைத்து மழுங்கியிருந்தது. புதுக் கொக்கி மாட்டிக் கொடுத்தேன்.

அன்றைக்கு மேகசின் முழுக்கப் படபடவென்று வெடித்தது. பன்றிகள் சிதறி, வரப்பைத் தாண்டி, பக்கத்துப் புஞ்சைக்குள் புகுந்துவிட்டன. அந்தப் புஞ்சை அண்ணாச்சியின் மச்சானுடையது. அவரிடமும் ஒரு துப்பாக்கி உண்டு, அதுவும் ரிப்பேர். மறுநாள் அண்ணாச்சி ஒரு பை நிறையக் கதிரோடு வந்து, என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

“மச்சான் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்தாம்னா, நம்ம அறுப்பு முடியுத வரைக்கும் சாமான் வரலன்னு சொல்லி வைங்க தம்பி.”

அவர் பேசி முடித்துத் திரும்பியபோது, வாசற்படியில் உறைபோட்ட துப்பாக்கியோடு மச்சான் நின்றுகொண்டிருந்தார் என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை.